மார்க்கு ஏறியது, படிப்பு ஏறவில்லை!

பள்ளிக்கூடத்துக்கே பரீட்சை வைத்த அமெரிக்கச் சட்டத்தின் கதை

பரீட்சை என்றால் பிள்ளைகளுக்குப் பயம். பெற்றோருக்குக் கவலை. இது எல்லா ஊரிலும் உள்ளதுதான்.

ஆனால் பரீட்சையைக் கண்டு வாத்தியார்கள் நடுங்கிய நாடு ஒன்று உண்டு. தலைமை ஆசிரியர்களும் நடுங்கினார்கள். கல்வி அதிகாரிகளும் நடுங்கினார்கள். அந்த நாடு அமெரிக்கா.

அங்கே 2002-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. பிள்ளைகள் எழுதும் பரீட்சையை வைத்துப் பள்ளிக்கூடத்துக்கே மார்க்குப் போடும் சட்டம் அது. பிள்ளைகள் தேறாவிட்டால் பள்ளிக்கூடத்தின் மேல் நடவடிக்கை!

ஏழைப் பிள்ளையைக் கைதூக்கிவிட வந்த சட்டம் அது. அதே சட்டத்தின் நிழலில் ஏழைப் பிள்ளையை ஏமாற்றிய கதையும் நடந்தது. அது எப்படி?

வாத்தியாரம்மாவின் மடியில்

1965-ஆம் ஆண்டு, ஏப்ரல் 11-ந் தேதி. டெக்ஸாஸ் ராஜ்யத்தில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம். ஒரே ஒரு அறை கொண்ட பள்ளிக்கூடம். அதன் முன்னால், திறந்த வெளியில், ஜனாதிபதி ஜான்சன் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் ஒரு மூதாட்டி.

அந்த அம்மாள்தான் ஜான்சனுக்கு முதன்முதலில் பாடம் சொல்லிக்கொடுத்தவர். நாலு வயதில் ஜான்சன் அதே பள்ளிக்கூடத்துக்கு வந்தார். அந்த வாத்தியாரம்மாவின் மடியில் உட்கார்ந்துதான் எழுத்துக்கூட்டிப் படித்தார். அந்த அம்மாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அன்று ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார்.

ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடங்களுக்கு மத்திய சர்க்கார் பணம் கொடுக்கும் என்பது அந்தச் சட்டம். கொடுத்த பணமோ கொஞ்சம் அல்ல. ஆண்டுக்கு நூறு கோடி டாலருக்கும் மேல்!

ஜான்சனுக்கு ஏழைப் பிள்ளைகளின் கஷ்டம் தெரியும். வாலிப வயதில், 1928-இல், அவர் கொட்டூலா என்ற ஊரில் வாத்தியார் வேலை பார்த்தார். அங்கே படித்தவர்கள் மெக்ஸிக்கோ வம்சத்து ஏழைப் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

"பணம் கொடுத்தோம், படிப்பு வந்ததா?"

சட்டம் வரும்போதே ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். அவர் ராபர்ட் கென்னடி. சுட்டுக்கொல்லப்பட்ட ஜனாதிபதி கென்னடியின் தம்பி. அப்போது செனட் சபை மெம்பர்.

பணம் கொடுப்பது சரி. அந்தப் பணத்தால் பிள்ளைகளுக்குப் படிப்பு வந்ததா, இல்லையா? அதைப் பெற்றோர் எப்படித் தெரிந்துகொள்வது? இதுதான் அவர் கேள்வி. கணக்குப் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்தினார். சட்டத்தில் அதற்கும் இடம் வைத்தார்கள்.

ஆனால் அந்தக் கணக்கு ஒழுங்காக நடக்கவில்லை. ஆண்டுகள் ஓடின. பணமும் ஓடியது. 1983-இல் சர்க்கார் நியமித்த கமிஷன் ஒன்று, அமெரிக்கப் பள்ளிகளின் தரம் தாழ்ந்துவிட்டது என்று அபாயச் சங்கு ஊதியது. நாடே திடுக்கிட்டது.

அதன் பிறகு பல ராஜ்யங்கள் பரீட்சைகளைக் கடுமையாக்கின. அவற்றில் டெக்ஸாஸ் முக்கியமானது. அங்கே கவர்னராக இருந்த ஜார்ஜ் புஷ் பிறகு ஜனாதிபதி ஆனார்.

எந்தப் பிள்ளையும் பின்தங்கக் கூடாது

2002-ஆம் ஆண்டு ஜனவரி 8-ந் தேதி, ஒஹையோ ராஜ்யத்தில் ஹாமில்டன் என்ற ஊரில் உள்ள உயர்நிலைப் பள்ளியில், ஜனாதிபதி புஷ் புதிய சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். "எந்தப் பிள்ளையும் பின்தங்கக் கூடாது" என்பதே அந்தச் சட்டத்தின் பெயர்!

ஆளும் கட்சியும் எதிர்க்கட்சியும் சேர்ந்து செய்த சட்டம் இது. ஜனாதிபதி புஷ் ஒரு கட்சி. ராபர்ட் கென்னடியின் தம்பி எட்வர்டு கென்னடி எதிர்க்கட்சி. இருவரும் கைகோத்தார்கள். பிரதிநிதிகள் சபையில் 381 பேர் ஆதரித்தார்கள். 41 பேர் எதிர்த்தார்கள். செனட் சபையில் ஆதரவு 87, எதிர்ப்பு 10.

சட்டம் சொன்னது இதுதான்:

மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஒவ்வொரு பிள்ளையும் ஆண்டுதோறும் பரீட்சை எழுத வேண்டும். வாசிப்பில் ஒரு பரீட்சை. கணக்கில் ஒரு பரீட்சை. உயர்நிலைப் பள்ளியிலும் ஒரு முறை எழுத வேண்டும்.

ஒரு ராஜ்யத்தில் உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரிப் பரீட்சை. திருத்தும் முறையும் ஒன்றே. பணக்காரப் பேட்டைக்கு ஒன்று, ஏழைப் பேட்டைக்கு ஒன்று என்று கிடையாது.

பள்ளிக்கூடத்தின் மொத்த மார்க்கை மட்டும் சொன்னால் போதாது. கறுப்பினப் பிள்ளைகள் எத்தனை பேர் தேறினார்கள்? ஏழைப் பிள்ளைகள் எத்தனை பேர்? உடல் ஊனமும் மனக் குறையும் உள்ள பிள்ளைகள் எத்தனை பேர்? இங்கிலீஷ் சரியாகத் தெரியாத பிள்ளைகள் எத்தனை பேர்? எல்லாவற்றையும் தனித்தனியாகப் பிரித்து ஊருக்குச் சொல்ல வேண்டும்.

2014-ஆம் ஆண்டுக்குள் நாட்டில் உள்ள பிள்ளைகள் அனைவரும் தேற வேண்டும். நூற்றுக்கு நூறு!

தேறாத பள்ளிக்கு என்ன கதி?

இரண்டு ஆண்டு தொடர்ந்து இலக்கை எட்டாவிட்டால், "சீர்திருத்தம் தேவைப்படும் பள்ளி" என்ற பட்டியலில் பெயர் ஏறும். பெற்றோர் தங்கள் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

மூன்றாம் ஆண்டும் எட்டாவிட்டால், ஏழைப் பிள்ளைகளுக்கு இலவச டியூஷன் கொடுக்க வேண்டும்.

அதன் பிறகும் முன்னேறாவிட்டால், ஆசிரியர்களை மாற்றலாம். பள்ளிக்கூடத்தின் நிர்வாகத்தையே வேறு கைக்கு மாற்றலாம்.

மத்திய சர்க்காரின் பணத்தை வாங்கும் பள்ளிகளின் மேல்தான் இந்த நடவடிக்கைகள். அவை பெரும்பாலும் ஏழைகளின் பள்ளிகள்.

மூடி வைத்தது வெளியே வந்தது

சட்டத்தால் நன்மை இல்லை என்று சொல்லிவிட முடியாது.

அதற்கு முன் நல்ல பெயர் வாங்கிய பள்ளிகள் பல இருந்தன. மொத்த மார்க்கைப் பார்த்தால் பிரமாதமாக இருக்கும். பிரித்துப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. வசதியான வீட்டுப் பிள்ளைகள் எடுத்த மார்க்கின் பின்னால், ஏழைப் பிள்ளைகள் மறைந்து கிடந்தார்கள். கடைசி பெஞ்சுப் பிள்ளையை இனி ஒளித்து வைக்க முடியாது என்று ஆயிற்று.

ஊனமுள்ள பிள்ளைகளைப் பரீட்சையில் சேர்க்காமலே ஒதுக்கி வைக்கும் வழக்கம் முன்பு இருந்தது. அந்தப் பிள்ளைகளும் படிக்க வேண்டியவர்களே என்று சட்டம் சொன்னது. பெற்ற தாய்மார்களுக்கு அது பெரிய ஆறுதல்.

மார்க்கும் கொஞ்சம் உயர்ந்தது. அமெரிக்காவில் தேசியப் பரீட்சை ஒன்று உண்டு. எல்லாப் பிள்ளைகளும் அதை எழுதுவது கிடையாது. அங்கொருவர் இங்கொருவராகப் பொறுக்கி எடுத்து எழுதச் சொல்வார்கள். அந்தப் பரீட்சையில், நாலாம் வகுப்புக் கணக்கில், 2000-இல் சராசரி 226 புள்ளி. 2007-இல் அது 240 ஆயிற்று.

ஆனால் வாசிப்பில் அந்த ஏற்றம் இல்லை. 2002-இல் 219 புள்ளி. 2007-இல் 221 புள்ளி. கணக்கில் வந்த ஏற்றமும் சட்டத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று சிலர் வாதாடினார்கள்.

பாட்டு போயிற்று; படம் போயிற்று

ஆண்டுதோறும் பரீட்சை இரண்டு பாடத்தில். நடவடிக்கையும் அந்த இரண்டு பாடத்தை வைத்துத்தான். பிறகு என்ன நடக்கும்?

பல ஊர்களில் கணக்குக்கும் வாசிப்புக்கும் நேரத்தைக் கூட்டினார்கள். சரித்திரத்தின் நேரம் குறைந்தது. விஞ்ஞானத்தின் நேரம் குறைந்தது. பாட்டு, படம் வரைதல், விளையாட்டு எல்லாம் சுருங்கின. பரீட்சைக்கு என்ன வருமோ அதுவே பாடம் என்று ஆகிவிட்டது.

வேறொரு தந்திரமும் நடந்தது. எத்தனை மார்க்கு எடுத்தால் பாஸ் என்பதை அந்தந்த ராஜ்யமே தீர்மானிக்கலாம் என்று சட்டம் விட்டிருந்தது. சில ராஜ்யங்கள் அந்தக் கோட்டைத் தாழ்த்தி வைத்தன. தாண்டுகிறவன் உயரவில்லை, கயிறு கீழே இறங்கியது!

நூற்றுக்கு நூறு என்ற இலக்கோ ஆண்டுக்கு ஆண்டு நெருங்கி வந்தது. 2011-இல் நாட்டில் உள்ள பள்ளிகளில் ஏறக்குறையப் பாதி, அந்த ஆண்டின் இலக்கை எட்டவில்லை. நன்றாக நடந்த பள்ளிகளும் அந்தப் பட்டியலில் விழுந்தன.

அட்லாண்டாவில் அதிர்ச்சி!

ஜார்ஜியா ராஜ்யத்தின் தலைநகர் அட்லாண்டா. அங்கே ஏழைப் பிள்ளைகள் படித்த பள்ளிகளில் மார்க்கு மளமளவென்று ஏறியது. நாடெங்கும் பாராட்டு. கல்வி நிர்வாகத்தின் தலைவிக்கு 2009-இல் தேசிய விருதும் கிடைத்தது.

நகர நிர்வாகம் தன் பங்குக்கு இன்னும் கடுமையான இலக்குகளை வைத்திருந்தது. எட்டினால் ஊக்கப் பணம். எட்டாவிட்டால் வேலைக்கு ஆபத்து.

சில பத்திரிகையாளர்களுக்குச் சந்தேகம் வந்தது. ஒரே ஆண்டில் இவ்வளவு ஏற்றம் எப்படி வரும்? ராஜ்ய சர்க்கார் விடைத்தாள்களைச் சோதித்தது.

அந்தப் பரீட்சையில் பிள்ளைகள் பக்கம் பக்கமாக எழுத வேண்டியதில்லை. சரியான விடைக்கு உரிய வட்டத்தைப் பென்சிலால் கறுப்பாக்க வேண்டும். மெஷின் அதைத் திருத்தும். ரப்பரால் அழித்த இடத்தையும் மெஷின் கண்டுபிடித்துவிடும்.

தப்பான விடையை அழித்து, சரியான விடையைக் கறுப்பாக்கிய இடங்கள் ஏராளமாக இருந்தன. பிள்ளைகள் தாங்களாகவே அத்தனை இடங்களில் அழித்திருக்க முடியாது என்று தெரிந்தது.

கவர்னர் விசாரணைக்கு உத்தரவிட்டார். 2011 ஜூலையில் அறிக்கை வந்தது. ஆராய்ந்த 56 பள்ளிகளில் 44 பள்ளிகளில் மோசடி! சம்பந்தப்பட்ட ஆசிரியர்களும் தலைமை ஆசிரியர்களும் 178 பேர். அவர்களில் 82 பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

ஒரு பள்ளியின் ஆசிரியர்கள் விடுமுறை நாளில் ஒரு வீட்டில் கூடினார்கள். விருந்துக்குக் கூடுவது போலக் கூடி, பிள்ளைகளின் விடைத்தாள்களில் கை வைத்தார்கள்.

2013-இல் 35 பேர் மீது வழக்குப் போடப்பட்டது. கொள்ளைக் கூட்டத்தாரைப் பிடிப்பதற்காக ஏற்பட்ட சட்டம் வாத்தியார்கள் மேல் பாய்ந்தது! பலர் குற்றத்தை ஒப்புக்கொண்டு சமரசம் செய்துகொண்டார்கள். கடைசியில் 12 பேர் மீது விசாரணை நடந்தது. 2015 ஏப்ரல் 1-ந் தேதி, அவர்களில் 11 பேர் குற்றவாளிகள் என்று ஜூரிகள் சொன்னார்கள். பெரும்பாலோர் கோர்ட்டிலிருந்து நேராகச் சிறைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள்.

ஒரு தாயின் சந்தேகம்

யாருக்கு நஷ்டம்? வேலை போன வாத்தியார்களுக்கு மட்டுமா?

அட்லாண்டாவில் ஒரு தாய். அவருடைய மகள் மூன்றாம் வகுப்பு. அந்தச் சிறுமிக்குப் புத்தகம் வாசிக்கத் தடுமாற்றம். அது தாய்க்குத் தெரியும். வகுப்பிலும் மார்க்குக் குறைவு. ஆனால் ராஜ்யப் பரீட்சையில் மட்டும் அமோகமான பாஸ்!

தாய்க்குச் சந்தேகம். அதிகாரிகளிடம் போய்க் கேட்டார். பரீட்சை என்று வந்தால் உங்கள் பெண் நன்றாக எழுதுகிறாள் என்று சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பாஸ் செய்த பிள்ளைக்கு உதவி எதற்கு? தனி டியூஷன் கிடைக்கவில்லை. அந்தப் பெண் ஒன்பதாம் வகுப்புக்கு வந்தபோது, அவளுடைய வாசிப்பு ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் அளவில்தான் இருந்தது.

அந்த நகரத்து நடுநிலைப் பள்ளி ஒன்றின் கதையும் இதே மாதிரிதான். பொய் மார்க்கால் அந்தப் பள்ளி "முன்னேறிவிட்டது". முன்னேறிய பள்ளிக்கு உதவிப் பணம் எதற்கு? அதனால் 7,50,000 டாலர் உதவி நின்றுபோயிற்று. தேறாத பிள்ளைகளுக்காக வர வேண்டிய பணம், தேறியதாகக் கணக்குக் காட்டியதால் வராமல் போயிற்று!

ரப்பர் அழித்தது தப்பான விடையை மட்டும் அல்ல. "எனக்குப் புரியவில்லை, சொல்லிக்கொடுங்கள்" என்று அந்தப் பிள்ளை சொல்லாமல் சொன்ன வார்த்தையையும் அழித்துவிட்டது.

லண்டனிலும் சென்னையிலும் நடந்த கதை

மார்க்கையும் பணத்தையும் முடிச்சுப் போட்டது அமெரிக்கா மட்டும் அல்ல. நூறு ஆண்டுகளுக்கும் முன்பே இங்கிலாந்து இதைச் செய்து பார்த்தது.

1862-இல் அங்கே ஒரு விதி வந்தது. ராபர்ட் லோ என்பவர் அதைக் கொண்டுவந்தார். ஆண்டுக்கு ஒரு முறை இன்ஸ்பெக்டர் வருவார். பிள்ளைகளை வாசிக்கச் சொல்வார், எழுதச் சொல்வார், கணக்குப் போடச் சொல்வார். ஒரு பாடத்தில் தவறினால், அந்தப் பிள்ளையின் பேரில் வரும் பணத்தில் 2 ஷில்லிங் 8 பென்ஸ் வெட்டு!

வாத்தியார்கள் என்ன செய்தார்கள்? வாசிப்புப் புத்தகத்தையே பிள்ளைகளை நெட்டுருப் போட வைத்தார்கள். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டே பிள்ளைகள் "வாசித்த" கதைகளும் உண்டு. மாத்யூ அர்னால்டு பெரிய கவிஞர். பள்ளி இன்ஸ்பெக்டராகவும் இருந்தார். வாசிக்கவும் எழுதவும் தெரியாமலே பிள்ளைகளைப் பாஸ் பண்ண வைத்துவிடலாம் என்று அவர் தமது அறிக்கையில் கண்டித்தார்.

சென்னை மாகாணத்திலும் வெள்ளைக்காரர் காலத்தில் இதே முறை இருந்தது. பரீட்சையில் பிள்ளைகள் தேறுவதைப் பொறுத்துப் பள்ளிகளுக்கு மானியம் கிடைத்தது. இங்கிலாந்தில் 1890-களில் இந்த முறை ஒழிந்தது.

பெற்றோர் இரண்டு பக்கம்

அமெரிக்காவில் வாக்குவாதம் முற்றியது. டயான் ராவிச் என்ற அம்மாள் பெயர்பெற்ற கல்விச் சரித்திர ஆசிரியை. மூத்த புஷ் ஜனாதிபதியாக இருந்தபோது கல்வி இலாகாவில் உயர்ந்த பதவி வகித்தவர். முதலில் இந்த முறையை ஆதரித்தார். பிறகு, தாம் நினைத்தது தவறு என்று 2010-இல் புத்தகமே எழுதினார்.

2015-இல் நியூயார்க் ராஜ்யத்தில், பரீட்சை எழுத வேண்டிய பிள்ளைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பேர் எழுதவில்லை. பெற்றோரே வேண்டாம் என்று தடுத்துவிட்டார்கள்.

ஆனால் அதே ஆண்டில் கறுப்பினத்தாரின் உரிமைக்குப் போராடும் சங்கங்கள் உட்பட 12 சங்கங்கள் சேர்ந்து அதைக் கண்டித்தன. பரீட்சை இல்லை என்றால் எங்கள் பிள்ளைகள் பின்தங்கியிருப்பது யாருக்குத் தெரியும்? பழையபடி மூடி மறைத்துவிடுவார்களே! இதுதான் அந்தச் சங்கங்களின் கவலை.

இரண்டு பக்கத்தாரும் பிள்ளைகளின் நன்மைக்காகவே பேசினார்கள்.

புதிய சட்டம்

2015 டிசம்பர் 10-ந் தேதி ஜனாதிபதி ஒபாமா புதிய சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். பழைய சட்டம் போயிற்று. ஆனால் பரீட்சை போகவில்லை! மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் பரீட்சை உண்டு. மார்க்கைப் பிரித்துச் சொல்வதும் உண்டு.

நூற்றுக்கு நூறு என்ற இலக்கு போயிற்று. பள்ளியை எப்படிச் சீர்ப்படுத்துவது என்பதை ராஜ்யங்களே முடிவு செய்யலாம். மிகவும் பின்தங்கிய நூற்றுக்கு ஐந்து பள்ளிகளைக் கண்டுபிடித்து உதவ வேண்டும். மார்க்கு மட்டும் அல்லாமல், வேறு விஷயங்களையும் கவனிக்க வேண்டும்.

ஜுரம் குறைந்ததா, கண்ணாடி குறைந்ததா?

பிள்ளைக்கு ஜுரம் அடித்தால் டாக்டர் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கிறார். அது வேண்டாம் என்று எந்தத் தாயும் சொல்ல மாட்டாள். ஜுரம் எவ்வளவு என்று தெரிந்தால்தானே மருந்து கொடுக்கலாம்?

ஆனால் ஜுரம் 100 டிகிரிக்கு மேல் காட்டினால் டாக்டருக்குச் சம்பளம் வெட்டு என்று ஒரு சட்டம் போட்டால்? தெர்மாமீட்டரைப் பச்சைத் தண்ணீரில் முக்கிவிட்டு, "ஜுரம் இல்லை" என்று சொல்லும் டாக்டரும் இருப்பார். கண்ணாடியில் ஜுரம் இறங்கும். பிள்ளையின் உடம்போ கொதிக்கும்!

பரீட்சையும் அப்படித்தான். பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்று பார்க்க அது வேண்டும். பார்த்த பிறகு மருந்து கொடுக்க வேண்டும். அந்த மருந்து நல்ல வாத்தியார், நல்ல புத்தகம், கொஞ்சம் பொறுமை.

அட்லாண்டாவின் அந்தத் தாய்க்கு மார்க்கு அட்டை தேவைப்படவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து மகள் வாசிப்பதைக் கேட்டார். உண்மை தெரிந்துவிட்டது.

மார்க்கு அட்டை வீட்டுக்கு வரும்போது பெற்றோர் கையெழுத்துப் போடுகிறார்கள். அதோடு ஒரு புத்தகத்தையும் பிள்ளையின் கையில் கொடுத்து, ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிக் கேட்டால் என்ன? அந்தப் பரீட்சையின் விடையை எந்த ரப்பராலும் அழிக்க முடியாது!